மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில், பூர்வீக ஊரில் ஒன்றுகூடிய ஒரு பெரிய குடும்பத்தைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், டிரோன் படம், கிடா விருந்து, குழந்தைகளுக்குச் சாக்கு ஓட்டம் எல்லாம் இருந்தது. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நாளில் குடும்ப வரலாறு எங்கே வந்தது என்று தேடினேன், படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. குறை சொல்ல இதை எழுதவில்லை. போன மே மாதம் அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் நாங்களும் இதே கூத்தைத்தான் அடித்தோம், பாதிக்கு மேல் தப்பாகச் செய்தோம், அதனால் இதே மாதிரி ஏற்பாடு செய்ய நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லலாமே என்றுதான்.

முதல் தப்பு தேதி. சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப் குழுவில் ஆடி மாதம் ஒரு சனி, ஞாயிறைக் குறித்துவிட்டார்கள். ஊரில் இன்னும் விவசாயம் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒரே சித்தப்பா வீட்டைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. புதுக்கோட்டை, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆனியும் ஆடியும் மொய் விருந்துக் காலம். ஒரே நாளில் பல பேர் சேர்ந்து விருந்து போட்டு மொய் வாங்குவார்கள். சமையல்காரர், பந்தல், ஆட்டுக்கறி எதுவும் கைக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. சித்தி போனில் ஒரு பிடி பிடித்த பிறகுதான் மே மாதத்துக்கு மாற்றினோம். நூற்று நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறை இருக்கிற வீட்டில் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டாம், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தப்புதான் பெரிய தப்பு. ஊர் வழக்கப்படி தலைக்கட்டுக்கு இரண்டாயிரம் என்று வரி போட்டோம். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண், அவ்வளவுதான். குலதெய்வக் கோவிலில் பொங்கல் வைப்பதால் அழைப்பும் பங்காளிகளுக்குத்தான் போனது. கட்டிக்கொடுத்த பெண்களுக்கு வேறு குலதெய்வம் ஆகிவிடுகிறதே! அத்தைமார்களைக் கூப்பிட்டோம், கூப்பிடாமல் இல்லை, ஆனால் விருந்தாளியாகத்தான் கூப்பிட்டோம். அப்புறம் பன்னிரண்டு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ், அதில் ஐந்து தலைமுறை வம்சவரிசை. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற பழக்கத்தால் அதில் சுப்பையா மட்டும் நாலு பேர், எந்த சுப்பையா யார் என்று தெரியாமல் பிள்ளைகள் சிரித்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, எண்பத்து நாலு வயது, கைத்தடியை ஊன்றி அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். வேர்வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா தம்பி, இத்தனை ஆம்பளையையும் யாருடா பெத்தது?"

பதில் சொல்ல முடியவில்லை. தாத்தாவைப் பெற்ற பூட்டியின் பெயர் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்றும் தெரியாது. இத்தனைக்கும் நாங்கள் ஆறு மாதமாக ஆவணம் தேடியிருக்கிறோம். பட்டா, நில விவரம் இருக்கிற அ பதிவேடு, பழைய கிரயப் பத்திரம் எல்லாம் பார்த்தாயிற்று, அதிலெல்லாம் பெண் பெயர் அபூர்வம். தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்ததே 1989-ல்தான். கிராமக் கணக்குப்பிள்ளை வேலை பரம்பரை வேலையாக இருந்த காலத்தில் ஊர் வம்சமெல்லாம் அவர் வாயில் இருக்கும் என்பார்கள், 1980-ல் அந்தப் பதவியே போய் கிராம நிர்வாக அலுவலர் வந்துவிட்டார். நகரத்தார்களுக்கு ஒன்பது நகரக் கோவில்கள் உண்டு, கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதி ஒரு புள்ளியாக அங்கே கணக்கில் ஏறிவிடும். எங்களைப் போன்ற விவசாயக் குடும்பத்துக்கு அப்படி என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, தாத்தா பெயர் என்ன, அவர் கூடப் பிறந்தவர் எத்தனை பேர் என்று நோட்டும் பேனாவுமாக நான் போய் நின்றால், பங்கு கேட்க வந்திருக்கிறானோ என்று ஒரு பங்காளி வீட்டில் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள்.

அப்போதுதான் அத்தை சொன்னார், "ஒங்கப்பன் கல்யாண மொய் நோட்டு பரண்ல கெடக்கும், போய்ப் பாரு."

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். கையெழுத்து சுமாராக இருக்கும் என்பதால் நாற்பது வருடமாகச் சொந்தக்காரர் விசேஷத்தில் எல்லாம் என்னைத்தான் மொய் எழுத உட்கார வைப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கே மொய் நோட்டு ஒரு ஆவணம் என்று உறைக்கவில்லை, அது கடன் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். 2018 கஜா புயலில் ஓடெல்லாம் பறந்து பரணில் பாதிச் சாமான் நனைந்து போயிருந்தது. மிச்சத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் நீள வாக்கில் மடித்த நோட்டு, ஓரமெல்லாம் செல்லரித்து, மஞ்சள் தடவிய மூலை மட்டும் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே விஜய வருடம் வைகாசி மாதம். தமிழ் வருடம் அறுபது வருடத்துக்கு ஒரு தரம் திரும்பி வரும், அதனால் வெறும் வருடப் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. ஆனால் அத்தை "பெரிய காத்தடிச்சதுக்கு அடுத்த வைகாசி" என்று சொல்லிவிட்டார். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் அது. அப்படியானால் கல்யாணம் 1953. அப்பாவின் கல்யாண வருடம் எனக்குத் தெரிந்தது இந்த அறுபத்தெட்டு வயதில்!

உள்ளே ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், எட்டணா என்று ஓடுகிறது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை, புண்ணியவான், பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் உறவையும் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வரி: "மாப்பிள்ளை அய்யாவுக்குத் தாய்மாமன் மகன், மீமிசல், ரூ 5." மாப்பிள்ளை எங்கள் அப்பா, அவருடைய அய்யா எங்கள் தாத்தா. தாத்தாவுக்குத் தாய்மாமன் என்றால் பூட்டியின் கூடப்பிறந்தவர். அப்படியானால் எங்கள் பூட்டி மீமிசல்காரி. ஆறு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து கிடைக்காதது ஐந்து ரூபாய் மொய்யில் கிடைத்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் நம் வீட்டில் எந்த விசேஷமும் நடக்காது, அதனால் பத்திரத்தில் ஏறாத பெண் வழி மொய் நோட்டில் எப்படியும் ஏறிவிடுகிறது.

இன்னொரு வரியை நான் சத்தமாகப் படித்ததும் அத்தை கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். "பினாங்கு, சின்னய்யா, கொடுத்துவிட்டது, ரூ 25." சின்னய்யா என்றால் அப்பாவுக்குச் சித்தப்பா, தாத்தாவின் தம்பி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேயாவில் இருக்கிற பினாங்குக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் மலேயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோன தமிழர்களோடு அவரும் போய் இறந்துவிட்டார் என்பதுதான் எங்கள் வீட்டில் காலம் காலமாகச் சொல்லி வந்த கதை, வருஷா வருஷம் அமாவாசைக்கு அவருக்கும் சேர்த்துத்தான் படையல். அந்த ரயில் வேலை 1943-லேயே முடிந்தது. 1953-ல் மொய் கொடுத்துவிட்டவர் எப்படி அதில் இறந்திருப்பார்? அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, அந்த வரி மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே மைக்கில் சாக்கு ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரி மேல் அடித்தல் கோடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருப்பிச் செய்துவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவது வழக்கம். எங்கள் வீட்டில் அவருக்கு யாரும் திருப்பிச் செய்யவில்லை.

ஞாயிறு மதியம் வரைக்கும் போட்டிருந்த நிகழ்ச்சியையெல்லாம் ரத்து செய்துவிட்டு அத்தைமார்களைச் சுற்றி உட்கார்ந்தோம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார்கள், மாமனார் பெயரை வைத்த மகனைக்கூட "பெரியவனே" என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னொரு அத்தை தன் வீட்டுக்காரர் பெயருக்கு "முருகனுக்கு அண்ணன்டா" என்கிறார். நாம் கணேசனா, கணபதியா, விநாயகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் வெட்கப்படுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இறந்த தேதி கேட்டாலும் கிடைக்காது, கருமாதிக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போடுகிறவர்கள் நாம். பழைய கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் விடாதீர்கள், தாத்தா பாட்டி பெயர் அதில் வரும்.

ஆகையால் இப்படி ஒரு கூடலுக்குத் திட்டம் போடுகிறவர்கள், அழைப்பு அனுப்பும்போதே வீட்டில் இருக்கும் மொய் நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் வீட்டில் இருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துவிட்டு நோட்டை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த விசேஷத்துக்கு எதைப் பார்த்து மொய் செய்வார்கள்? எல்லாம் திருப்பிச் செய்தாயிற்று, இனி எதற்கு என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிற வீடுகள்தான் அதிகம். இப்போது கம்ப்யூட்டரில் மொய் வாங்கிக் கையில் ஒரு ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தச் சீட்டு பீரோவில் நாலு வருடம் இருந்தால் வெள்ளைத் தாள் ஆகிவிடுகிறது. முழுப் பட்டியலையும் நல்ல தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொய் எழுத உட்காருகிற தம்பிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: இனிஷியலோடு நிறுத்தாமல் ஊரையும் உறவையும் எழுதுங்கள், இரண்டு சொல்தானே.

எங்கள் பினாங்குத் தாத்தாவைப் பற்றி அந்த வரிக்கு மேல் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. பூட்டி பெயரைத் தெரிந்துகொள்ள அடுத்த மாதம் மீமிசல் போகிறோம், அத்தையும் வருகிறேன் என்கிறார். அன்று ஊரிலிருந்து கிளம்பும்போது அத்தை முந்தானை முடிச்சிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். நீங்கள் தலைக்கட்டு இல்லையே அத்தை, உங்களுக்கு வரி கிடையாது என்றேன்.

"வரி இல்லடா, மொய். எம் பேருல எழுது. எங்கய்யா பேரை முன்னால போட்டு எழுது."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி