சிஸ்டம் ஸ்லோன்னு கடைக்குத் தூக்குறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து எங்க கும்பகோணம், பாபநாசம் பக்கம் சிஸ்டம் ஸ்லோன்னு கடைக்குப் போற பல பேருக்கு ஒரே பதில்தான் கிடைக்குது, "இது அவ்ளோதாங்க, இனிமே ஓடாது, புதுசு வாங்கிடுங்க". வாங்க வசதி இல்லன்னு சொன்னா அடுத்தது ஃபார்மட், அதாவது டிரைவ்ல இருக்குறத எல்லாம் அழிச்சுட்டு விண்டோஸ புதுசா போடுறது. சப்போர்ட் முடிஞ்சதுக்கும் ஸ்லோவா ஓடுறதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. செக்யூரிட்டி அப்டேட் நின்னு போறது பெரிய விஷயம்தான், அதுக்கு என்ன செய்யணும்னு தனியா யோசிக்கணும், ஆனா அதனால வேகம் குறையாது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பி முப்பதாயிரம் நாப்பதாயிரம் செலவு வைக்கிறது நியாயமே இல்ல.

ஃபார்மட்டும் லேசான வேலை இல்ல. எங்க பக்கத்து வீட்டு அத்தை ஒரு கடையில சிஸ்டத்த குடுத்தாங்க, நிலப் பத்திரத்தோட ஸ்கேன், பேத்தி காதுகுத்து போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருந்துச்சு, ஒரு வார்த்தை கேக்காம அடிச்சுக் குடுத்துட்டாங்க. டெஸ்க்டாப்ல இருக்குறது சாதாரணமா சி டிரைவுக்குள்ள தாங்க இருக்கும், சி டிரைவ ஃபார்மட் பண்ணா அதுவும் சேர்ந்து போயிடும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

விண்டோஸுக்குள்ளயே இதுக்கெல்லாம் கருவி இருக்கு, காசு கிடையாது, எதையும் டவுன்லோடு பண்ண வேணாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், சின்ன பெட்டியா வந்தா கீழ மோர் டீடெயில்ஸ அமுக்கணும். சிபியு, மெமரி, டிஸ்க்னு மூணு தலைப்பு இருக்கும், எது 100 பர்சன்ட் பக்கம் நிக்குதோ அங்கதான் அடைப்பு, அந்த தலைப்பு மேல கிளிக் பண்ணா எந்த புரோகிராம் இழுக்குதுன்னு மேல வந்துடும். எங்க தெருவுல ஒரு வீட்ல பாத்தேன், ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்த பிறகும் ரொம்ப நேரம் எதையும் தொட முடியாது, சுத்திக்கிட்டே இருக்கும், டிஸ்க் 100லயே நிக்குது. ஸ்டார்ட்அப் பக்கத்த திறந்து பாத்தா கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாஸுக்குப் போட்ட மீட்டிங் ஆப், டோரண்ட், ரெண்டு ஆன்டிவைரஸ், வீட்ல இப்ப இல்லவே இல்லாத ஒரு பிரிண்டரோட சாஃப்ட்வேர் எல்லாம் ஆன் பண்ண உடனே ஒண்ணா எழுந்திரிக்குது. தேவையில்லாதத ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் குடுத்தா போதும், அந்த புரோகிராம் அழியாது, தானா தொடங்காது அவ்ளோதான், வேணும்னா திறந்துக்கலாம். ஆன்டிவைரஸ மட்டும் அப்படி விடாம ரெண்டுல ஒண்ண அன்இன்ஸ்டால் பண்ணிடணும்.

அதே டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல சிபியுவுக்குக் கீழ அப் டைம்னு ஒண்ணு ஓடும், அத அவசியம் பாருங்க. தினமும் ராத்திரி ஷட்டவுன் பண்றேன்னு சொல்ற வீட்லயே அது இருபது நாளுக்கு மேல காட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸோட உள்பகுதிய டிஸ்க்ல சேமிச்சு வச்சு மறுநாள் அதையே எடுத்து ஓட்டும், முழுசா புதுசா தொடங்காது. ரீஸ்டார்ட் குடுத்தாதான் முழுசா தொடங்கும். வாரத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு கடையில ஏன் சொல்ல மாட்டேங்குறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.

சி டிரைவ் நிரம்பி சிவப்பா காட்டுனா டிஸ்க் கிளீனப்புன்னு தேடித் திறந்து, கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ் குடுத்தா பழைய அப்டேட் குப்பை பல ஜிபி வெளிய வரும். ஆனா அந்த லிஸ்ட்ல சில சிஸ்டத்துல டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் நிக்கும், ரீசைக்கிள் பின்னும் நிக்கும், நம்ம ஊர்ல இறக்குன சிட்டா, அடங்கல், காப்பீட்டு ரசீது எல்லாம் டவுன்லோட்ஸ்லதான கிடக்கு, அதுல டிக் இருந்தா எடுத்துடுங்க. யூடியூப்ல பாத்து ரெஜிஸ்ட்ரி கிளீனர்னு (விண்டோஸோட செட்டிங் எல்லாம் இருக்குற ரெஜிஸ்ட்ரிய சுத்தம் பண்றதா சொல்ற புரோகிராம்) எதையாவது இறக்கிப் போடவே கூடாது, அந்த மாதிரி புரோகிராம்கள ஆதரிக்கிறது இல்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு.

மெமரி 4 ஜிபிதான் இருக்குன்னா விஷுவல் எஃபெக்ட்ஸ்ல அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் குடுக்கலாம், கொஞ்சம் இலகுவாகும், ஆனா அப்படியே விட்டா தமிழ் எழுத்து எல்லாம் பிசிறு பிசிறா தெரியும், ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபாண்ட்ஸ்ல மட்டும் திரும்ப டிக் போட்டுடணும்.

கரண்ட் திடீர்னு போய்ப் போய் வர்ற ஊர் நம்மளது, சிஸ்டம் டிஸ்க்ல எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் நின்னா அதுல இருக்குற ஃபைல் கணக்கு குழம்பிடும். டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ்ல டூல்ஸ் பக்கம் போனா செக் இருக்கு, மொதல்ல முக்கியமானத பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டு அத ஓட்டுங்க. அங்கயே ஆப்டிமைஸும் இருக்கு, அத திறந்தா மீடியா டைப்புன்னு போட்டு சுத்துற பழைய வகை ஹார்ட் டிஸ்க்கா, அதவிட வேகமான எஸ்எஸ்டியான்னு காட்டிடும், பெட்டிய கழட்டவே வேணாம். இவ்ளோ செஞ்சும் டிஸ்க் 100லயே நிக்குது, அது பழைய ஹார்ட் டிஸ்க்தான்னா அப்ப எஸ்எஸ்டி மாத்துறது நியாயமான செலவு, அதுக்குக் கடைக்குப் போகலாம், பழைய டிஸ்க்க மறக்காம கேட்டு வாங்கிக்கணும், நம்ம ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு.

ஐயா, இத உங்க பேப்பர்ல வாரம் ஒண்ணா, ஸ்கிரீன்ல எங்க கிளிக் பண்ணணும்னு படத்தோட போட முடியுமா? வார்த்தையில படிச்சா மெனு எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குறத பாத்து நெறைய பேர் தயங்கிடுறாங்க, டாஸ்க் மேனேஜர் ஒண்ண மட்டும் முதல் வாரம் பெருசா போட்டாக்கூட போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்