குழந்தை செய்த பரிசைத் திருத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் வருகிறது என்று காதில் விழுந்ததுமே, நான்கைந்து வயதுக் குழந்தை காகிதமும் வண்ணப் பென்சிலுமாக ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அப்போது பெரியவர்களாகிய நாம் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியே இக்கடிதம். கோணலாக வெட்டிய விளிம்பை நேராக்குகிறோம். கோட்டைத் தாண்டிய வண்ணத்தை அழிக்கிறோம். எழுத்துப் பிழையை நம் கையாலேயே திருத்துகிறோம். நல்லெண்ணத்தோடு செய்வதுதான் என்றாலும், அதன் பிறகு அந்தப் பரிசு குழந்தை செய்ததாக இருப்பதில்லை என்பதை அந்தக் குழந்தையே முதலில் உணர்ந்துகொள்கிறது.

நான்கு வயதுக் குழந்தை வரையும் மனிதருக்குப் பெரும்பாலும் உடல் இருக்காது. பெரிய வட்டமாக ஒரு தலை, அதிலிருந்தே இறங்கும் இரண்டு கால்கள், சில வேளைகளில் காது இருக்க வேண்டிய இடத்தில் கைகள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழும். பசை வழிந்து, வாழ்த்து அட்டையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டு, திறக்கவே முடியாமல் போவதும் உண்டு. இவை அந்த வயதுக்கு இயல்பானவை. தாத்தாவின் படத்தில் மூக்குக்கண்ணாடி முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறதென்றால், குழந்தை அவரிடம் எதை உற்றுப் பார்த்திருக்கிறது என்பது அதில் பதிவாகியிருக்கிறது. அளவைச் சரிசெய்தால் அந்தப் பதிவே அழிந்துவிடும்.

கொடுப்பதில் குழந்தைக்கு உள்ள மகிழ்ச்சி நாம் சொல்லிக்கொடுத்து வருவது அன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தைப் பெற்றபோது இருந்ததைவிட, அதை ஒரு பொம்மைக்குக் கொடுத்தபோது அதிக மகிழ்ச்சியோடு காணப்பட்டனர். தம் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது அம்மகிழ்ச்சி இன்னும் கூடியது. தனக்கு மிகவும் பிடித்த ஸ்டிக்கரை அம்மாவின் அட்டையில் ஒட்டிவிடும் குழந்தையும் தன் பங்கிலிருந்துதான் கொடுக்கிறது. அதனால்தான் ஒளித்து வைத்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, “உனக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன், என்னன்னு சொல்ல மாட்டேன்” என்று அதுவே சொல்லியும் விடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “அழகாகச் செய்தால் சாக்லேட் தருவேன்” என்று பேரம் பேசுவது திருத்துவதைவிடக் கேடானது என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1973-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே ஆசைகாட்டப்பட்ட மழலையர், பிற்பாடு தம் விருப்பப்படி விளையாடும் நேரத்தில், அப்படி ஆசைகாட்டப்படாத பிள்ளைகளைவிடக் குறைவாகவே வரைந்தனர்.

பெற்றோர் செய்ய வேண்டியது சிறிதே. கத்தரிக்கோல் கூர்முனை இல்லாததாக இருக்கட்டும். உதவி கேட்டால் மட்டும் கை கொடுக்கலாம். பரிசைப் பெறுபவர் “இது யார்? இங்கே என்ன நடக்கிறது?” என்று கேட்டு, குழந்தை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கலாம். சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதியோடு, அட்டையின் பின்புறம் எழுதி வைக்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில், குடும்பத்தினருக்காகக் குழந்தைகள் செய்த வாழ்த்து அட்டைகளுக்குச் சிறிது இடம் ஒதுக்கி, பெரியவர்கள் கைவைக்காதவற்றை மட்டும், கோணலும் பிழையும் உள்ளபடியே, மதிப்பெண்ணோ முதல் பரிசோ இல்லாமல் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்