ஒரு ஜாண் ஹார்லி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வாசல் வரை நடந்தாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், அதனால் என் மேஜைக்கு இப்போது வேலி போட்டிருக்கிறோம். மேஜையில் அப்படி என்ன என்று கேட்பாய். மூன்று மாதமாக ஒரு மோட்டார் சைக்கிள் கட்டிக்கொண்டிருக்கிறேன். நீளம் ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் கூட.

ஹார்லி டேவிட்சன் டபிள்யூ.எல்.ஏ. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக மில்வாக்கியில் செய்த வண்டி. கடைசி எழுத்து ஆர்மியைக் குறிக்கிறது. 740 சி.சி., மூன்று கியர். ஒன்பதில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கிட்டாக மருமகன் வாங்கிவந்தார். பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பார். பாவம், இப்போது வீடு முழுக்க தின்னர் வாடை.

கிட்டில் இருந்த ஸ்போக்கைப் பார்த்ததுமே மனசு ஒப்பவில்லை. அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். ஒன்பதால் பெருக்கிப் பார், அசல் வண்டியில் அது ஐந்து மில்லிமீட்டர் கம்பி! சக்கரத்துக்கு ஜன்னல் கம்பி வைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டு 0.3 மில்லிமீட்டர் கிடார் கம்பியில் புதிதாகக் கோத்தேன். சக்கரத்துக்கு 40, இரண்டுக்கும் சேர்த்து 80. நம் வயதுக்கு இது தேவையா என்று வீட்டுக்காரி கேட்டாள். 63ஆவது ஸ்போக்கில் எனக்கும் அதே சந்தேகம் வந்தது. பிரேக் கேபிளுக்குச் சால்டர் கம்பி போதும். விரலால் வளைத்தால் வளைத்தபடியே நிற்கும்.

பெயின்ட் அடித்தது மொட்டை மாடியில், ஐப்பசியில். புத்தி வேண்டாமா? ஆலிவ் பச்சை நன்றாகவே பிடித்தது. மேலே பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் தெளித்தேன், ஐந்து நிமிஷத்தில் டேங்க் முழுக்கப் பூஞ்சை பூத்த மாதிரி வெளுத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்று அதில் படிந்துவிடுகிறது. வெயில் வரும்வரை பத்து நாள் காத்திருந்து, மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மெல்லிசாகத் தெளித்தேன். வெளுப்பு கரைந்துபோயிற்று.

அப்புறம்தான் அசல் வேலை, வண்டியைப் பழசாக்குவது. வெதரிங் என்பார்கள். முதல் தடவை ஸ்பாஞ்சுத் துண்டைப் பழுப்புப் பெயின்டில் தொட்டு எல்லா இடத்திலும் ஒற்றினேன். மட்கார்டு, டேங்க், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் எங்கும் துரு. தள்ளி நின்று பார்த்தால் சொறி பிடித்த நாய் மாதிரி நின்றது வண்டி. போரில் ஓடிய வண்டிக்கு மிஞ்சிமிஞ்சி இரண்டு மூன்று வயது, பட்டறையில் ஆளும் உண்டு. அது எதற்கு இப்படித் துருப்பிடிக்கப் போகிறது? அதோடு ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் பெயர்ந்தது என்றால் அசலில் விரல் நகம் அகலம். நூறு இடத்தில் நகம் அகலத்துக்குப் பெயின்ட் உதிர்ந்த வண்டியை யாராவது ஓட்டுவார்களா?

அன்று ராத்திரி உன் அப்பாவின் புல்லட் ஞாபகம் வந்தது. அதில் கியர் வலது காலில். அவருடைய வலது செருப்பு மட்டும் மேல்பக்கம் தேய்ந்திருக்கும், நாம் கேலி செய்வோமே! கியர் லீவர் வெள்ளி மாதிரி மின்னும். ஒரு சாண் தள்ளி எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே கறுத்துக் கிடக்கும். வண்டி மனுஷன் தொடுகிற இடத்தில்தான் தேய்கிறது.

அதை வைத்து ஹார்லியை யோசித்தேன். இதில் கியர் கையால், டேங்கின் இடது பக்கத்தில். கிளட்ச் இடது காலில். ஆக, தேய்மானமும் இடது பக்கமே கூடுதல். பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். 6பி பென்சில் கூரைப் பொடியாக்கி, கியர் குமிழ், கிளட்ச் பெடல், கிக்கர் மூன்றிலும் விரல் நுனியால் தேய்த்தேன். இரும்பு தெரிந்தது என்றால் நம்பமாட்டாய். தோல் சீட்டுக்குப் பழுப்பு அடித்து, கட்டைவிரலால் வெறுமனே தேய்த்துக்கொண்டே இருந்தேன். விரலில் இருக்கிற எண்ணெயே மெருகு கொடுத்துவிட்டது. துருவை சைலன்சருக்கு மட்டும் விட்டேன். இந்த மாடலில் மட்கார்டின் பக்கத் தகடுகளை எடுத்திருப்பார்கள், சேறு அடைக்காமல் இருக்க. அதனால் சக்கரம் வாரி இறைப்பதெல்லாம் எஞ்சின்மேல்தான். சேற்றையும் அங்கேயே அப்பினேன்.

தூசியில் இன்னொரு தப்பு. கலந்து பார்த்தால் நம் ஊர்ச் செம்மண்! கைக்குப் பழகிய நிறம் அதுதானே. என் வண்டி நிற்பது 1944 கோடையில் பிரான்சின் நார்மண்டியில், அங்கே புழுதி வெளிறிய சாம்பல் மஞ்சள். அந்தச் சாலையோரங்களில் பிரிட்டிஷ் படை பலகையே வைத்திருந்தது: புழுதி கிளப்பினால் குண்டு விழும் என்று. எழும்பும் தூசியைப் பார்த்து எதிரி பீரங்கி குறிவைப்பானாம். அதைப் படித்த பிறகு தூசியைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். என் ஆள் மெதுவாக ஓட்டுகிறவன் என்று வைத்துக்கொள்.

எஞ்சின் எண் ஒன்று பாக்கி. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு செய்த வண்டிகளுக்கு, 1944இல் செய்திருந்தாலும், எண் 42 என்றே தொடங்கும். ஊசி முனையால் கீறப் போகிறேன். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். புல்லட் இன்னும் மாட்டுக்கொட்டகையில்தானே நிற்கிறது? தார்ப்பாயை நான் வந்து எடுக்கிறேன். நண்பன் வருகிறான் என்று பையனை விட்டுத் துடைத்துக் கிடைத்து வைத்துவிடாதே.

அன்புடன்,
ரங்கன்