ரெசின் பிடி போட்ட கத்தி: நண்பனுக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மூன்று படங்களும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. பணி ஓய்வு பெற்ற நாளில் மகள் சமையல் கத்தி ஒன்றைப் பரிசளித்தாள் என்பதையும், அன்றிலிருந்து காய் நறுக்கும் வேலையை நீயே ஏற்றுக்கொண்டாய் என்பதையும் படித்தபோது மனம் நிறைந்தது. முப்பது வருடம் சமையலறையில் நின்ற தங்கச்சிக்கு இதைவிட நல்ல ஓய்வூதியம் இல்லை. கத்தியும் அழகானதுதான். மரத்துண்டின் ஓரத்தை ஒட்டி நீல ரெசின் ஆறு போல வளைந்து ஓட, நடுவே மூன்று பித்தளை ஆணிகள். அந்தப் பிடியை எப்படிக் கழுவுவது, அலகு ஏன் கறுக்கிறது, நடு ஆணிக்கருகே தெரிகிற வெள்ளைக் கோடு என்ன என்று கேட்டிருந்தாய். நானும் இதே மாதிரிக் கத்தி ஒன்றை நான்கு வருடமாகப் புழங்கி, ஒருமுறை கெடுத்துச் சரிசெய்தும் இருப்பதால், தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரெசினைப் பற்றி. இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றி இறுக விடுகிற பொருள் இது. கத்திப் பிடிகளுக்குப் பெரும்பாலும் எபாக்சி என்கிற ரெசின் வகையைத்தான் போடுகிறார்கள். இறுகிய பிறகு மரத்தைப் போலத் தண்ணீரில் ஊறிப் பருப்பதில்லை, எண்ணெய்ப் பிசுக்கையும் உள்ளே விடுவதில்லை. அதனாலேயே இதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இதன் எதிரி தண்ணீர் அல்ல, சூடு. அறை வெப்பத்தில் இறுக விட்ட எபாக்சி, ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸிலேயே கெட்டித்தன்மையை இழக்கத் தொடங்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் இருக்கும் சூடும், வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சித்திரை மாதத்தில் ஏறும் சூடும் அந்த அளவைத் தொட்டுவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் அன்று ஆட்டிறைச்சி வெட்டி முடித்ததும், பிடியில் உறைந்த கொழுப்பை இளக்குவதற்காகக் கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினேன். துடைக்கும்போது கட்டைவிரல் நகம் பட்ட இடத்தில், மெழுகில் பதிவது போல ஒரு பிறை விழுந்தது. ஆறியதும் பிடி பழையபடி கெட்டியாகிவிட்டது. ஆனால் அலகும் பிடியும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு பிளவு நின்றுவிட்டது. ஒரே சூட்டில் எஃகு விரிவதைப் போல நான்கைந்து மடங்கு எபாக்சி விரியும். மரமோ சூட்டைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் அசைகிற பொருள். இப்படி ஒவ்வொன்றும் தன் போக்கில் இழுக்க, நடுவில் இருக்கிற பசைதான் விட்டுக்கொடுக்கிறது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பிளவிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்தது. உள்ளே செருகியிருக்கும் இரும்பு துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவை. அது உள்ளிருந்தே பிடியைத் தள்ளும்.

அதைச் சரிசெய்த விதத்தையும் சொல்கிறேன். கத்தியை இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் காய வைத்து, பிளவுக்குள் நீர்த்த ஃபெவிக்விக்கை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு இறக்கினேன். வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு 1000, 2000 எண் உப்புத்தாள்களைத் தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்து, கடைசியில் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றினேன். பிடி மங்கிப்போனாலும் இதே முறைதான். காய்ந்த நிலையில் மட்டும் தேய்த்துவிடாதே. அந்தத் தூள் மூச்சுக்கு ஆகாது.

அன்றாடக் கழுவலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டும் போதும். பஞ்சின் மஞ்சள் பக்கத்தால் மட்டும், கத்தியின் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் துடை. பச்சை நார், தேங்காய் நார், சாம்பல், கம்பி நார் எதுவும் பிடியில் படக்கூடாது. ரெசின் பளபளப்பதே அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால்தான், நுண்ணிய கீறல் விழுந்துவிட்டால் நீலம் சாம்பல் பூசியது போலாகும். அந்தக் கீறல்களுக்குள்தான் மஞ்சளும் போய் உட்காரும். மஞ்சள் கறை பிடித்துவிட்டால், சமையல் சோடாவை விரலால் குழைத்துத் தடவிக் கழுவிவிட்டு, இளவெயிலில் ஒரு மணி நேரம் வைத்துப் பார். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளிறும். அதற்காக ஜன்னலோரத்திலேயே தொங்கவிடக்கூடாது, வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் எபாக்சியே மஞ்சளித்துவிடும். ஒட்டியிருந்த விலைச்சீட்டின் பசை போகவில்லை என்று எழுதியிருந்தாய். தின்னரோ நெயில் பாலிஷ் எடுக்கிற திரவமோ வேண்டாம், அவை ரெசினை இளக்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

எந்த அவசரத்திலும் கத்தியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற விடாதே. ரெசின் தாங்கும், ஆனால் உன் பிடியில் பாதி மரம், அந்த மரம் ஊறினால் இரண்டும் சேரும் கோட்டில்தான் விரிசல் வரும். வேட்டித்துணி ஒன்றை அடுப்படியில் வைத்துக்கொண்டு, கழுவிய கையோடு ஆணித்தலைகளைச் சுற்றியும் அலகின் கழுத்தையும் ஒற்றி எடு.

மாங்காய் நறுக்கியதும் அலகில் நீலச் சாம்பல் நிறம் படிந்ததாகப் பதறியிருந்தாய். பதற வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு என்றால் அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். உன்னுடையது அந்த அளவு குரோமியம் இல்லாத கார்பன் எஃகு. மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் பட்டால் அதன் மேல் அப்படி ஒரு மெல்லிய படலம் படியும். அது செந்துரு வருவதை ஓரளவு தடுக்கவும் செய்யும், ஆகவே தேய்த்து எடுக்காதே. விரலில் ஒட்டுகிற செம்பழுப்புதான் துரு. அதை அன்றைக்கே சமையல் சோடாவால் எடுத்துவிடு. பித்தளை ஆணிகள் கறுத்தாலும் புளி போட்டுத் துலக்க வேண்டாம், அந்தப் புளிப்பு அலகை அரிக்கும். என் அம்மா இரவில் அரிவாள்மனையைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார். அதையே நானும் செய்கிறேன். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்து ஒட்டும், தேங்காய் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. மரப் பகுதிக்கும் மாதம் ஒருமுறை அதில் ஒரு துளி போதும்.

சாணை விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். தெருவில் வருகிறவர்களின் கைத்திறனில் எனக்கு மரியாதை உண்டு, அரிவாளுக்கு அவர்கள்தான் சரி. ஆனால் தண்ணீர் விடாமல் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால், மெல்லிய வாய் நொடியில் 300 டிகிரியைத் தொட்டு நீலம் பாயும். இந்த மாதிரி எஃகுக்குச் சுமார் 200 டிகிரியில் ஏற்றிய பதம் அங்கே போய்விடும், பிறகு எத்தனை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. 1000 எண் தீட்டுக்கல் ஒன்று வாங்கிக்கொள். கல்லை நனைத்து, அலகை 15 முதல் 20 டிகிரி சாய்த்து, மறுபக்கம் விரலில் பிசிறு தட்டுப்படும் வரை ஒரு பக்கமும் அதே போல அடுத்த பக்கமும் இழு. தீட்டும்போது பிடியைத் துணியால் சுற்றிக்கொள். கல்லில் ஊறும் சேறு ரெசினைக் கீறும்.

இனி அந்த வெள்ளைக் கோடு. உங்கள் ஈரோட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு அது உப்புப் படிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; ஆனால் படத்தை நம்பி நான் உறுதி சொல்ல மாட்டேன். பிடியை நன்றாகக் காயவைத்து, கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எங்கேயாவது தடுக்கினால் அதன் பிறகு தண்ணீர் காட்டாமல் எடுத்து வைத்துவிட்டு எனக்கு எழுது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் வரும்போது உப்புத்தாளும் பசையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தங்கச்சிக்கும் மகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய நண்பன்