மாறி ஊற்றிய களைநாசினி: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

எங்கள் பகுதி விவசாய மருந்துக் கடைகளை மேற்பார்வை செய்பவர்கள் நீங்கள். அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆகவே நேரே கேட்கிறேன்: லேபல் இல்லாத போத்தலில் களைநாசினி ஊற்றி விற்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் என் சின்னம்மாவுக்கு நாலு பரப்பு வயல். போன காலபோகத்தில் நெற்சப்பிப் புல் மண்டிவிட்டது. முழுப் போத்தலுக்குக் காசு போதாமல் கொஞ்சமாகக் கேட்டிருக்கிறா. கடைக்காரர் பழைய சோடாப் போத்தல் ஒன்றில் ஊற்றிக் கொடுத்து, "பயப்பிடாதேங்கோ அக்கா, புல்லை மட்டும்தான் பிடிக்கும், நெல்லைத் தொடாது" என்றிருக்கிறார். ஒரு கிழமையில் நெற்சப்பி மஞ்சளானது. சின்னம்மாவுக்குச் சந்தோஷம். அடுத்த இரண்டு நாளில் நெல்லும் மஞ்சளானது. பிறகு வரம்புப் புல்லும் மிச்சமில்லை. போய்க் கேட்டால், "கிளைபோசேட் மாறி ஊத்துப்பட்டுப் போச்சு" என்றார்கள், பயிர் களை பாராமல் கொல்லும் மருந்தை. தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போன மாதிரி! மானாவாரி வயல், மழை போன பிறகு திரும்ப விதைத்து என்ன பயன்? வெறும் வயலைப் பார்க்க மனமில்லாமல் அவ இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

கடைக்காரர் சொன்ன "தொடாது" என்ற சொல்லே பிழை. நெல்வயலுக்கு அடிக்கும் பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைநாசினி நெல்லுக்குள்ளும்தான் போகிறது. அது முடக்கும் அசிட்டோலாக்டேட் சின்தேஸ் என்ற நொதியம் புல்லிலும் உண்டு, நெல்லிலும் உண்டு. வலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செய்ய அது வேண்டும். இல்லாவிட்டால் குருத்து வளராது. நெல் தப்புவது, மருந்தை வேகமாக உடைத்துச் செயலிழக்கச் செய்துவிடுவதால். நெற்சப்பியால் அந்த வேகத்துக்கு உடைக்க முடியாது. கிளைபோசேட் முடக்குவது வேறொரு நொதியத்தை. அதை உடைத்துத் தப்பும் வல்லமை நம் நெல்லுக்கும் இல்லை. இரண்டுக்கும் "புல்லு மருந்து" என்றே பெயர் சொல்லி விற்றால், வித்தியாசம் வயல் எரிந்த பிறகுதான் தெரியும்.

கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022இல் தடையை எடுத்தார்கள். கொழும்பில் வர்த்தமானி மாற்ற அத்தனை சுறுசுறுப்பு. இங்கே ஒரு சோடாப் போத்தலை மாற்ற ஆளில்லை. சரி, அரசியல் வேண்டாம்.

நட்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. சின்னம்மாவும் கேட்கவில்லை. களைநாசினி கம்பனி அடைத்த போத்தலில், லேபலோடு மட்டுமே விற்கப்பட வேண்டும். சிறு தோட்டக்காரர் வாங்கக்கூடிய சின்னப் போத்தல்கள் எல்லாக் கடையிலும் கிடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்ற விபரம் இரண்டும் கண்ணாடி போடாமல் வாசிக்கிற அளவில் தமிழில் இருக்க வேண்டும்.

அடுத்த விதைப்புக்கு முன் ஒரு நாள் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வந்துபோங்கள். தயவுசெய்து, வருகிறோம் என்று கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லாமல்.

இப்படிக்கு,
தென்மராட்சி வயற்காரி ஒருவரின் பெறாமகன்