கடைசிப் போத்தலும் திறந்தாயிற்று

உப்புவெளி,
திருகோணமலை

அன்பின் மச்சான்,

நீ விட்டுப்போன ரோஷ்ஃபோர் 10 என்ற பெல்ஜியத்துப் பியரில் மிச்சமிருந்த கடைசிப் போத்தலைப் போன ஞாயிறு திறந்துவிட்டேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் திறந்தது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ வேலையால் வந்து களைத்திருப்பாய், நான் அவசரப்பட்டுப் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சீசன் முடிந்துவிட்டது. இந்த வருடம் மே தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் விடுதியில் அறை காலியாகக் கிடந்த நாள் குறைவு. மகள் பேராதனையில் இரண்டாம் வருடம். மனுசிக்கு முழங்கால் நோ, கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிவிட்டு வந்தால் இரண்டு நாள் சுகமாக இருக்கிறது என்கிறாள். வாடை தொடங்கப்போகிறது, கடல் கறுத்துவிட்டது. ஓட்டில் இரண்டு இடம் ஒழுகுகிறது, மழைக்கு முன் மாற்றவேண்டும். வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, போத்தலுக்கு வருவோம்.

2019 ஆகஸ்டில் நீ வந்தபோது நாலு போத்தல் கொண்டுவந்தாய், சாரத்தில் சுற்றி. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரரும் வராத வருடம் அது. ஆறு அறையும் பூட்டிக் கிடந்தன, நாங்கள் இரண்டு பேரும் முன் விறாந்தையில் இருந்து முதல் போத்தலை உடைத்தோம். அன்று எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து நல்லது என்று சொன்னேன், இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாயில் வைத்ததும் வாயு சுரீரென்று அடித்தது. 11.3 வீத அற்ககோல் தொண்டையில் சூடாக இறங்கியது. சொக்லட் இருந்தது, ஆனால் பால் சீனி சேராத கொக்கோத்தூளை நாக்கில் போட்டது போல. நடுவில் ஏதோ மசாலா மணம். கொத்தமல்லி கொஞ்சம் போடுவார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை, பியருக்குள் ரசச் சாமானா என்று கேட்டேன். எல்லாம் தனித்தனியாக நின்றன. ஒன்றோடொன்று முகம் கொடுத்துக் கதைக்காத சொந்தக்காரர்கள் ஒரே பந்தலில் இருந்த மாதிரி.

அப்போதுதான் நீ சொன்னாய், இது இன்னும் பிஞ்சு, வைத்துக் குடிக்கவேண்டிய சாமான் என்று. இதைக் காய்ச்சுகிற சென் ரெமி மடத்துத் துறவிகள் 1595இலேயே பியர் காய்ச்சியதற்குப் பதிவு இருக்கிறது என்றும், போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் சேர்த்து அடைப்பதால் உள்ளே அது உயிரோடு இருக்கிறது என்றும் சொன்னாய். எனக்கு அது புதுமையாக இருந்தது. எங்களுக்குத் தெரிந்த உயிருள்ள குடி பனங்கள்ளு ஒன்றுதானே? விடிய இறக்கினால் இனிப்பு, மத்தியானம் பதம், பின்னேரம் புளிப்பு, அடுத்த நாள் காடி. அதன் முழு ஆயுளும் தவறணையில் ஒரு பகலுக்குள் முடிந்துவிடும். அதே ஈஸ்ட்டின் வேலை ஐந்து வருடம் பத்து வருடம் நீள முடியும் என்பதை நான் யோசித்தே பார்த்ததில்லை.

நீ போனபின் மூன்று போத்தலையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டைக் குசினி பிரிட்ஜின் அடித்தட்டில் நிமிர்த்தி வைத்தேன். இடமில்லாததால் மூன்றாவதைச் சாமான் அறை அலுமாரியில் வைத்தேன். இருட்டுத்தானே, போதும் என்று நினைத்தேன். அது பெரிய பிழை.

2021 தைப்பொங்கல் கழிந்த கிழமை அந்த அலுமாரிப் போத்தலை எடுத்தேன். உப்புக் காற்றில் மூடியின் விளிம்பெல்லாம் துரு. ஊற்றினால் நுரை எழும்பி உடனே விழுந்துவிட்டது. மணத்தில் நனைந்த மட்டைப் பெட்டி. குடித்தால் முதலில் திராட்சை வற்றல் மாதிரி ஒரு இனிப்பு, பின்னாலேயே சோயா சோஸ். சொக்லட் எங்கேயும் இல்லை. ஒன்றரை வருடத்தில் கிழடு தட்டிவிட்டது.

பிறகு தேடிப் படித்தேன். மட்டைப் பெட்டி மணத்துக்கு டிரான்ஸ்-2-நோனெனல் என்ற ஒரு பொருளைக் காரணம் சொல்கிறார்கள், பழசாகும் பியரில் அது தலைகாட்டும், சூட்டில் இன்னும் வேகமாக. சோயா சோஸ் மணம் வருவது செத்த ஈஸ்ட் உடைந்து தன் உள்ளடக்கத்தைக் கக்குவதால். சூடு 10 பாகை (டிகிரி) கூடினால் இந்த மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. உன் நிலவறையில் 12 பாகை, என் சாமான் அறையில் 30. அப்படிப் பார்த்தால் உன்னிடம் ஐந்து வருடம் இருப்பதை என் அலுமாரி ஒன்றரை வருடத்தில் ஓட்டி முடித்துவிட்டது. ஓட்டித்தான் முடித்தது, முதிரவிடவில்லை. அவசரமாகப் புகைபோட்டுப் பழுக்க வைத்த மாம்பழத்துக்கும் மரத்தில் பழுத்ததற்கும் உள்ள வித்தியாசம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் 2022 வந்தது. அந்த வருடத்தை நீ அங்கிருந்து செய்தியில் பார்த்தாய், நாங்கள் இருட்டில் இருந்து பார்த்தோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பிரிட்ஜ் என்பது வெறும் அலுமாரியாகிவிட்டது. குளிர்வதும் சுடுவதுமாக மாறிமாறி இருந்தால் இந்தப் பியருக்கு அது இன்னும் கேடு என்று அதற்குள் படித்திருந்தேன். மீன் பழுதாகிறதே என்று மனுசி கவலைப்பட, நான் இரண்டு போத்தலுக்காகக் கவலைப்பட்டேன்.

அம்மா தண்ணீர்ப் பானையை யன்னலுக்குக் கீழே ஈர மணலில் வைப்பாவே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தால் வந்து நாங்கள் இருவரும் மாறிமாறி மொண்டு குடித்த பானை. அதைத்தான் செய்தேன். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் கடற்கரை மணல், நன்னீரில் உப்பை நாலு தரம் கழுவி எடுத்த மணல். உள்ளே இரண்டு போத்தலும் நிமிர்ந்து நிற்க, மேலே ஈரச்சாக்கு. மூடிகளில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றித் துருவுக்கும் வழி அடைத்தேன். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர். மே மாதம் கச்சான் காற்று தொடங்கியதும் அந்தப் பானை உண்மையாகவே வேலை செய்தது. மேற்கிலிருந்து மலை தாண்டி, மழையை அங்கேயே இறக்கிவிட்டு வறண்டு வருகிற காற்று அது. நாங்கள் எல்லோரும் திட்டுகிற காற்று. அது மணலின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சப் பானை குளிர்ந்தது. வெளியில் 35 பாகை கொதிக்கும்போது உள்ளே 26 காட்டியது. தேர்மோமீற்றரைப் பார்த்துவிட்டு மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த கிழமையே அவள் தன் மரக்கறிக்கும் ஒரு பானை செய்யச் சொன்னாள்.

வாடைக்காற்றில் இந்த வித்தை எடுபடாது, காற்றே ஈரம். நல்லவேளை, அந்த வருடக் கடைசிக்குள் மின்வெட்டு குறைந்துவிட்டது, போத்தல்கள் பிரிட்ஜுக்குத் திரும்பின. திரும்பிய ஒரு மாதத்தில் ஒன்றை எடுத்தேன். மூன்று வருடம் மூன்று மாதம்.

மச்சான், அந்தப் போத்தலைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத நினைத்தது.

பிரிட்ஜிலிருந்து எடுத்து முக்கால் மணித்தியாலம் மேசையில் வைத்தேன், நீ சொன்னபடி. சில்லென்று குடித்தால் குளிர் மட்டும்தான் தெரியும். மெழுகைச் சுரண்டி மூடியைத் திறக்க, அடங்கிய ஒரு மூச்சு. சரித்து, நிறுத்தாமல், மெதுவாக ஊற்றினேன். கடைசி ஒரு விரல் அளவைப் போத்தலிலேயே விட்டேன், மண்டி அங்கே சேறாகத் தெரிந்தது. நிறம் விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு, கிளாஸைத் தூக்கிப் பிடித்தால் விளிம்பில் மாதுளைச் சிவப்பு. நுரை பால்கோப்பி நிறத்தில், வழிக்கிற பதத்தில் நின்றது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனதும் எனக்கு வந்த மணம் கலியாணக் கேக். பிளம்ஸ், இஞ்சிப்பாகு, பூசணி அல்வா எல்லாம் வெட்டிப் பிராந்தியில் ஊறப்போட்டு, சுட்டு, மாதக்கணக்கில் ரின்னில் மூடி வைத்து, கலியாணத்தன்று ஒரு சின்னத் துண்டாகப் பெட்டியில் கொடுப்பார்களே, அந்த ரிச் கேக். அந்தப் பெட்டியைத் திறந்த முதல் நொடி மணம்.

வாயில் வாயு ஊசியாகக் குத்தவில்லை, மெல்லிய மணலாக உருண்டது. 2019இல் தனியாக நின்ற சூடு இப்போது இனிப்புக்குள்ளே போயிருந்தது. கசப்பு பாதியாகியிருந்தது. பியருக்குக் கசப்புக்காகப் போடுகிற கொப் பூவின் கசப்புத்தான் வருடம் போகப்போக முதலில் கரைகிறதாம். அந்த இடத்தில் பேரீச்சம்பழம் வந்து உட்கார்ந்திருந்தது. பிறகு பனங்கட்டி, அதுவும் பாகு தாச்சியின் அடியில் கொஞ்சம் பிடித்துக்கொண்ட இடத்தின் பனங்கட்டி. அதற்கும் பிறகு, விழுங்கி மூச்சை வெளியே விட்டபோது, சொக்லட். இந்த முறை முழுச் சொக்லட், மெல்ல உருகி நாக்கின் நடுவில் தங்கியது. ஒரு பொட்டுக் கொக்கோ சேராமல் இது எப்படி என்று நீ கேட்கவைத்தாய் ஒருமுறை. நிறம் ஏறிய மோல்ட்டும் (முளைவிட்டுக் காயவைத்த பார்லி), கருகும் எல்லை வரைக்கும் காய்ச்சிய சீனியும்தான். பதநீரைக் காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் அவர்கள் இதில் ஆச்சரியப்படமாட்டார்கள்.

எங்கள் நாட்டுக் கறுப்புப் பியரான லயன் ஸ்ரவுட்டும் சொக்லட்டும் கோப்பியுமாகத்தான் இருக்கும், 8.8 வீதம், பியரைப் பற்றி எழுதிய மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் அதை உலகத்துக்கே புகழ்ந்து சொன்னார். நான் இன்றும் அதைத்தான் மாதம் ஒன்றிரண்டு குடிக்கிறேன், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன் கோப்பி வறுத்த தானியத்தின் கோப்பி, வந்து நேரே முகத்தில் நிற்கும். இது அப்படியில்லை, ஒன்று விலக ஒன்று வரும்.

அன்றிரவு ஒரு போத்தலை ஒன்றரை மணித்தியாலம் வைத்துக் குடித்தேன். சூடாகச் சூடாக மாறிக்கொண்டே இருந்தது. டச்சுக்குடாப் பக்கம் ஏதோ கோவில் மணி கேட்டது. உன்னைக் கூப்பிடவேண்டும் போல இருந்தது, அங்கே நீ வேலையில் இருப்பாய் என்று விட்டுவிட்டேன். கூப்பிட்டிருக்கவேண்டும்.

இனிக் கடைசிப் போத்தல். மூன்று வருடத்தில் இப்படியென்றால் ஐந்தில் எப்படியிருக்கும் என்ற ஆசையில்தான் இரண்டு வருடம் தொடாமல் வைத்திருந்தேன். போத்தலில் அச்சடித்த காலாவதித் திகதியும் 2024தான். ஆனால் இது உச்சியைத் தாண்டிவிட்டது மச்சான். நுரை ஒரு வளையமாகக் கிளாஸைச் சுற்றி நின்றதோடு சரி. மணத்தில் ஷெரி வைன், பழைய தோல் பை, அத்திப்பழம். நல்ல மணம்தான், வேறு யாராவது தந்திருந்தால் ஆகா என்றிருப்பேன். குடிக்கும்போது முதல் பாதி வடிவாக இருந்தது, பின்பாதி மெலிந்துவிட்டது. உடம்பு வற்றிய மாதிரி. சொக்லட்டைத் தேடினேன், கிளாஸின் அடியில், கடைசி மிடறில், கோப்பி மண்டியின் கசப்பாகக் கொஞ்சம் கிடைத்தது. சோயா சோஸ் இல்லை, அது ஆறுதல். என் பிரிட்ஜும் பானையும் முடிந்ததைச் செய்திருக்கின்றன, ஆனால் அந்த மின்வெட்டு மாதங்கள் உள்ளே எங்கேயோ பதிந்திருக்கவேண்டும். இந்த ஊர்ச் சூட்டுக்கு மூன்று வருடம்தான் கணக்கு என்று இப்போது தெரிகிறது. 2022இலேயே இரண்டையும் திறந்திருந்தால் ஒன்றை யாரோடாவது இருந்து குடித்திருக்கலாம்.

அதனால்தான் கேட்கிறேன். அதே பெட்டியில் வந்த இரண்டு போத்தல் உன் நிலவறையில் இன்னும் இருக்கிறது என்று போன வருடம் சொன்னாய். அதே நாள் அடைத்தவை, ஒரு தரமும் 12 பாகையை விட்டு அசையாதவை. ஒன்றை இந்த மார்கழியில் திற. என் மூன்றாவது வருடம் உன் ஐந்தாவது வருடத்தில் இருக்கிறதா, இல்லை உன்னுடையது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டும். கொத்தமல்லி இன்னும் தெரிகிறதா? வாயு எப்படி? சொக்லட் முன்னால் வருகிறதா, விழுங்கியபின் வருகிறதா? குடித்த அன்றே எழுது, அடுத்த நாள் எழுதினால் நாக்கு மறந்துவிடும். அங்கே இரவு எட்டு என்றால் இங்கே பன்னிரண்டரை, நான் விழித்திருப்பேன், கூப்பிட்டாலும் சரி.

மற்றதைச் சித்திரையில் வரும்போது கொண்டுவா. வந்த அன்றே திறக்கச் சொல்லமாட்டேன், பயணத்தில் குலுங்கிய மண்டி அடங்க நாலைந்து நாளாவது பிரிட்ஜில் நிற்கவேண்டும். அதற்குள் உன்னைக் கோணேசர் கோவிலுக்கும் கோட்டைக்குள் மான் பார்க்கவும் கூட்டிக்கொண்டு போகிறேன். போனமுறை போத்தல் சுற்றிவந்த உன் நீலச் சாரம் இங்கேதான் மடித்துக் கிடக்கிறது, இந்த முறை வேறு எதிலாவது சுற்று.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி