வியாசோனின் ஹேண்டல்: அண்ணாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணா,

ஓப்பரா டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) ரொலாண்டோ வியாசோன், பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலின் பாட்டுகளைப் பாடிய சிடியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘ஒப்பாரி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், பாதியிலேயே நிறுத்திவிட்டதாகவும் சொல்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்த ஒரு சிடியைப் பற்றி உங்களைப் போலவே பேசுகிற ரசிகர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், நேர் எதிராகப் பேசுகிறவர்களுக்கும் குறைச்சல் இல்லை, ஒரு கட்சி சொல்வதை இன்னொரு கட்சி காதிலேயே போட்டுக்கொள்வதில்லை, அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிடி வந்தது 2009-ல், ஹேண்டல் இறந்து 250 ஆண்டு நிறைந்த வருடம். அதற்கு நான்கு வருடம் முன்னால்தான் சால்ஸ்பர்க்கில் அன்னா நெட்ரெப்கோவோடு ‘லா த்ராவியாத்தா’ பாடி இந்த மெக்சிகோக்காரர் உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகியிருந்தார். வெர்டி, மாஸ்னே போன்றவர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓப்பரா, தொண்டை அடைக்கிற காதல், கண்ணீர் என்று அவரைப் பற்றி எல்லார் மனதிலும் ஒரு படம் பதிந்துவிட்டது. அப்படிப்பட்டவரை டாய்ச்ச கிராமஃபோன் கம்பெனி கொண்டுபோய் பால் மெக்ரீஷ் நடத்தும் வாத்தியக் குழுவான கேப்ரியலி பிளேயர்ஸ் முன்னால் நிறுத்தியதும், தட்டு சுழல ஆரம்பிப்பதற்கு முன்பே ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். (பரோக், அதாவது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இசை, அவருக்குப் புதுசும் இல்லை. 2006-லேயே எமானுவேல் ஆயிம் நடத்த மான்டெவெர்தியின் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார். அதை ஏனோ யாரும் இந்தச் சண்டையில் இழுப்பதில்லை.) போதாக்குறைக்கு அதே 2009-ல் குரல்நாணில் நீர்க்கட்டி என்று அறுவைசிகிச்சை வேறு நடந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? பிடிக்காதவர்களுக்கு ஒவ்வொரு சுரத்திலும் குரல் நைந்துபோனது கேட்டது, பிடித்தவர்களுக்கு ஒவ்வொரு சுரத்திலும் தியாகம் கேட்டது. ரெண்டு பேருக்குமே சிடி தேவைப்படவில்லை, செய்தித்தாளே போதும்.

உங்கள் புகார்கள் எனக்குப் புதிதில்லை. குரல் கனம், அழுகை அதிகம், வேகமான ஓட்டங்களில் சுரத்துக்குச் சுரம் ஒரு ‘ஹ’ நுழைகிறது, பாட்டுக்கு முன்னால் வரும் வசனப் பகுதியைப் பேசாமல் நடிக்கிறார், மொத்தத்தில் பொய்முடி மாட்டிய புச்சினி, அதாவது பழைய வேஷம் போட்ட பிற்காலத்து அழுகை ஓப்பரா. எதிர்க்கட்சி சொல்வதும் தெரிந்ததுதான்: கடைசியில் ஒருவராவது ஹேண்டலை ரத்தமும் சதையுமாகப் பாடினாரே! அதோடு நிறுத்தாமல், லத்தீன் ரத்தம் என்றால் அப்படித்தான் கொதிக்கும் என்றும் சேர்த்துக்கொள்வார்கள், அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒருவர் பிறந்த ஊரைச் சொன்னால் அது பாட்டைப் பற்றிய கருத்தாகிவிடாது.

நான் சொல்ல வருவது வேறு. இந்த சிடி ஒன்று இல்லை அண்ணா, ரெண்டு. ஒரு பாதி ஹேண்டல் ஒரு டெனருக்காகவே, அதுவும் பெயர் தெரிந்த ஒரு குறிப்பிட்ட டெனருக்காகவே எழுதியது. இன்னொரு பாதி காஸ்ட்ராட்டோ பாடகர்களுக்கு (குரல் உடையாமல் இருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட ஆண்கள்) எழுதியதை ஓர் எட்டுச்சுரம், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே இறக்கிப் பாடியது. ரெண்டையும் ஒரே உறையில் போட்டு விற்றதால் ஒரே தராசில் நிறுக்கிறோம். எந்தப் பாதியில் ஆரம்பித்தீர்களோ அதுதான் உங்கள் அபிப்பிராயம். நீங்கள் ரெண்டாவது பாதியைச் சேர்ந்த ‘ஸ்கெர்த்ஸா இன்ஃபீதா’ என்ற பாட்டில் ஆரம்பித்தீர்கள், அதனால் ஒப்பாரி என்றீர்கள்.

முதல் பாதியைச் சேர்ந்த ‘தமெர்லானோ’ ஓப்பராவில் ஆரம்பித்திருக்க வேண்டும். அந்தக் கதை உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றாலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1402-ல் அங்காரா போரில் தைமூரிடம் சிறைப்பட்ட ஒட்டோமான் சுல்தான் பயாசெத், மகள் அஸ்தேரியா, அவளை மணக்கத் துடிக்கும் தைமூர். அந்தக் காலத்து இத்தாலிய ஓப்பராவில் நாயகன் என்றால் காஸ்ட்ராட்டோ, டெனருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அப்பா வேடம், கிழ ராஜா வேடம், ரெண்டாம் வரிசை. இதிலும் அப்பா வேடம்தான், ஆனால் மொத்த ஓப்பராவையும் தூக்கி நிறுத்துவது அந்த அப்பா. ஹேண்டல் 1724 ஜூலையில் இருபதே நாளில் ஒருமுறை எழுதி முடித்துவிட்டார். அதன் பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்தார் மோடெனாக்காரரான டெனர் ஃப்ரான்செஸ்கோ போரோசினி. வந்தவர் கையில் 1719-ல் கஸ்பரீனி இதே கதைக்கு இசையமைத்த ஓப்பராவின் பிரதி இருந்தது. அதில் பயாசெத்தாக நடித்தவரே இவர்தான். ஹேண்டல் அதைப் பார்த்தார், தான் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார், விஷம் குடித்த சுல்தான் சாகும் காட்சியை முழுக்க மாற்றினார். அக்டோபர் 31-ல் ஹேமார்க்கெட்டில் அரங்கேறியது.

அந்தச் சாவுக் காட்சியை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். அதில் முறையான ஆரியாவே (தனிப்பாட்டே) கிடையாது. மற்ற இடங்களில் முதல் பகுதி, நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி என்று சுற்றிக்கொண்டு வருமே, அந்த ‘டா கபோ’ ஒழுங்கை ஹேண்டல் இங்கே தூக்கி எறிந்துவிட்டார். கொஞ்சம் பேச்சு, திடீரென்று வாத்தியங்கள் சேர்கின்றன, மகளைப் பார்த்து அழாதே என்று நாலு வரி மெட்டு, அது முடிவதற்குள் தைமூர் மேல் சாபம், நரகத்துத் தேவதைகளைக் கூப்பிடுகிறான், மூச்சு முட்டுகிறது, வாக்கியம் துண்டு துண்டாக விழுகிறது, குரல் ஓய்கிறது. இதை எப்படிப் பாடுவதாம்? சுத்தமாக, நேர்க்கோடு போட்ட மாதிரி, ஒவ்வொரு சுரத்தையும் துடைத்துவைத்துப் பாடினால் அது சாவு இல்லை, சாவைப் பற்றிய அறிக்கை. வியாசோன் இங்கே செய்வது எல்லாம், அந்த விம்மல், அந்த உடைந்த சொல், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் தடுமாறுவது, தாளிலேயே இருக்கிறது. போரோசினியின் குரல் தாழ்ந்து ஒலித்த குரல், பாரிடோன் (டெனரைவிடத் தாழ்ந்த ஆண் குரல்) பக்கம் சாய்ந்தது, அவருக்காக எழுதிய பகுதிகளைப் பார்த்தாலே தெரியும். வியாசோனின் குரலின் இருட்டு இதற்கென்றே வாய்த்தது. ‘ஃபீலியா மியா’ என்று மகளைக் கூப்பிடும் இடத்தில் அவர் சத்தத்தைக் கூட்டவில்லை, குறைக்கிறார். நீங்கள் குற்றம் சாட்டுகிற ‘எப்போதும் உச்சத்தில்’ என்பது இங்கே பொய்.

மெக்ரீஷையும் சொல்ல வேண்டும். 2008-ல் மத்ரீதில் பிளாசிதோ தொமிங்கோ இதே பயாசெத்தைப் பாடியபோது நடத்தியவர் இவர்தான். பெரிய ஓப்பரா மேடைக்குப் பழகிய கனத்த குரலை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எப்படி நகர்த்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாடகர் எங்கே நின்று மூச்சு வாங்கினாலும் வாத்தியக்காரர்கள் கூடவே நிற்கிறார்கள், பின்னாலேயே ஓடி வந்து பிடிக்கிற அவசரம் இல்லை. சிடியைத் திட்டுகிறவர்கள்கூட வாத்தியக் குழுவைத் திட்டுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சரி, இப்போது உங்கள் ‘ஸ்கெர்த்ஸா இன்ஃபீதா’. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது சரி, காரணம்தான் தப்பு. இது 1735-ல் கோவென்ட் கார்டனில் ‘அரியோதாந்தே’வுக்காகக் கரெஸ்தீனி என்ற காஸ்ட்ராட்டோ பாடியது. காதலி ஜினேவ்ரா துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பி, சாகப் போகிறேன், நீ சிரித்துக்கொண்டிரு என்று சொல்கிற பாட்டு. வயலின்களுக்கு மியூட் போட்டு ஹேண்டல் ஒலியை மூடியிருக்கிறார், கீழே பாஸ் வாத்தியங்களை வில் இல்லாமல் விரலால் சுண்டுகிறார்கள், நடுவில் பாசூன் என்ற தாழ்ந்த குரல் ஊதுவாத்தியம் மட்டும் நீளமாக இழுத்து முனகுகிறது. குரல் அதற்கு மேலே, வயலின்களோடு சேர்ந்து இருக்க வேண்டும். ஜேனட் பேக்கரோ, லொரெய்ன் ஹன்ட் லீபர்சனோ, ஜாய்ஸ் டிடோனாட்டோவோ பாடும்போது கேளுங்கள், பாசூன் பாடுகிறவளின் நிழல் மாதிரி அடியில் வரும். டெனர் அதை ஓர் எட்டுச்சுரம் இறக்கியதும் குரல் நேராகப் பாசூன் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ரெண்டும் ஒரே உயரத்தில் மோதிக்கொள்கின்றன, மேலே வயலின்கள் அனாதையாக நிற்கின்றன. அந்த நெரிசலில் தன் குரல் தெரிய வேண்டும் என்றால் பாடகர் என்னதான் செய்வார், அழுத்துவார். நீங்கள் கேட்ட அழுகையில் பாதி அந்த அழுத்தம்தான் என்பது என் கட்சி. வேறு எந்த டெனர் பாடினாலும், எவ்வளவு நாகரிகமாகப் பாடினாலும், இந்தப் பாட்டு இந்த இடத்தில் உட்காராது. குற்றம் பாடிய விதத்தில் இல்லை, பாடலாம் என்று முடிவெடுத்ததில்.

‘செர்சே’ ஓப்பராவின் ‘ஓம்ப்ரா மாய் ஃபூ’ மட்டும் ஏன் யாருக்கும் உறுத்தவில்லை என்று கேட்பீர்கள். அதுவும் காஸ்ட்ராட்டோ பாட்டுதானே, 1738-ல் கஃபரெல்லிக்கு எழுதியது. உறுத்தாததற்குக் காரணம் பழக்கம். 1920-ல் கருசோவே பதிவு செய்துவிட்டார், நூறு வருடமாக டெனர்கள் பாடிப் பாடி அது டெனர் பாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு மகாராஜா மரத்தைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடுகிறான், அதில் மெல்லிய கேலி இருக்கிறது, அதை இவர் எடுக்கவில்லை, கோயிலில் நிற்கிற பாவத்தில் பாடுகிறார். எல்லாரும் அப்படித்தான் பாடுகிறார்கள், போகட்டும்.

அந்த ‘ஹ’ விஷயத்தில் உங்களோடு வாதாட என்னிடம் எதுவும் இல்லை. அதே ‘செர்சே’வில் கோபத்தில் குதிக்கிற ‘க்ரூதே ஃபூரியே’யைக் கேட்டால் ஓட்டம் ஓட்டமாக வரவில்லை, படி ஏறி இறங்குகிற மூச்சுதான் கேட்கிறது. கோபக்காரன் பாட்டு, அப்படித்தான் இருக்கும் என்று ரசிகர்கள் சமாளிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோபத்தைக் காட்டத்தான் ஹேண்டல் அத்தனை சுரங்களை ஒட்டிப் போட்டார், ஒட்டினால்தான் கோபம். கனத்த குரலால் முடியாது என்பதும் சாக்குதான். மைக்கேல் ஸ்பைரெஸ் 2023-ல் பரோக் டெனர் ஆரியாக்களாகவே ஒரு சிடி போட்டாரே, அவர் குரலும் பாரிடோன் கனம் உள்ளதுதான், ஓட்டங்களைப் பாருங்கள்.

ஆனால் ‘இது பரோக் குரலே இல்லை’ என்று நீங்கள் முடித்த இடத்தில்தான் எனக்குப் பெரிய சண்டை. எது பரோக் குரல்? இங்கிலாந்து டெனர்களான மார்க் பாட்மோரையும் இயன் பாஸ்ட்ரிட்ஜையும் உதாரணம் காட்டினீர்கள். ரெண்டு பேரும் எனக்கும் பிடித்தவர்கள், பாஸ்ட்ரிட்ஜ் 2010-ல் போரோசினி, ஃபாப்ரி, பியர்ட் என்று மூன்று பழைய டெனர்களின் பாட்டுகளை மட்டும் எடுத்துப் பாடியது அருமையான யோசனை. ஆனால் அந்த மெலிந்த, வெளிச்சமான, அதிர்வு குறைந்த ஒலி எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கல்லூரிச் சிற்றாலயங்களிலும் வளர்ந்த ருசி அதில் நிறைய உண்டு. ஜான் பியர்டுக்கு எழுதிய ஆங்கிலப் பாட்டுகளுக்கு அது பொருந்தட்டும், ராயல் சேப்பலில் பையனாகப் பாடி வளர்ந்தவர் அவர். இத்தாலிய மேடையிலும் வியன்னா அரண்மனையிலும் பாடிய போரோசினி அப்படிப் பாடினார் என்று யார் கண்டது? ஒலிப்பதிவு இல்லாத காலத்துக் குரலை வைத்து ஒருவரை வெளியே நிறுத்துவது நியாயமா சொல்லுங்கள். வியாசோன் பாணிக்கு வெளியே போகிறார் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன், எந்தப் பாணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரிசையாகக் கேட்காதீர்கள். ‘தமெர்லானோ’வை முதலில் வையுங்கள், பிறகு ‘ரோதெலிந்தா’வில் கிரிமொவால்தோ பாடும் ‘பாஸ்தொரெல்லோ’. அதுவும் போரோசினிக்காக எழுதியது, 1725. ராஜ்ஜியத்தைத் திருடியவன் தூக்கம் வராமல், ஓர் ஏழை ஆட்டிடையன்கூட நிம்மதியாகத் தூங்குகிறானே என்று பொறாமைப்படுகிறான். மெதுவாக ஆடிக்கொண்டே போகிற மெட்டு. இதில் வியாசோன் அழவே இல்லை, களைத்துப்போய்ப் பாடுகிறார், அந்தக் களைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இதைக் கேட்ட பிறகும் ஒப்பாரி என்றால் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

‘அரியோதாந்தே’வின் இன்னொரு பாட்டான ‘தோப்போ நோத்தே’யைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் இவ்வளவு நேரம் நழுவிக்கொண்டு வந்தேன். புயலுக்குப் பின் சூரியன் வந்த சந்தோஷம், கரெஸ்தீனிக்காகத் தாளத்தை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு எழுதிய மின்னல் மாதிரி ஓட்டங்கள். அதில் நான் முழுக்க உங்கள் கட்சி.

அன்புடன்,
தம்பி